கல்குவாரியைச் சுற்றியுள்ள ஊற்றுகளையும் கசிவுகளையும் கண்காணித்தல்: வேலூர்ப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டப் பகுதியில், மலையடிவாரத்து ஊற்றும் கருங்கல் குவாரியும் அருகருகே அமைந்த ஊர்கள் பல. "குவாரி வந்த பிறகுதான் ஊற்று வற்றியது" என்று ஊரார் சொல்கிறார்கள். "மழை பொய்த்ததால் வற்றியது" என்று குவாரித் தரப்பினர் மறுக்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்று அதிகாரிகளால் முடிவு செய்ய முடிவதில்லை. ஏனென்றால் ஊற்று எவ்வளவு சுரந்தது என்ற எண் எந்தத் தரப்பிடமும் இருப்பதில்லை. குவாரி ஆழப்படுவதற்கு முன்பிருந்தே, மாசி முதல் வைகாசி வரையிலான வறண்ட மாதங்களின் ஓட்டத்தை அளந்து எழுதி வைத்திருந்தால், இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை பேச்சுவார்த்தையிலேயே தீர்ந்துவிடும் என்பது எனது உறுதியான கருத்து. விவசாயிகள், ஊராட்சிப் பிரதிநிதிகள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்கும், பொறுப்புடன் குவாரி நடத்த விரும்புவோருக்கும் பயன்படும் வகையில் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எங்கள் ஊர் முழுவதும் பாறை நிலம். பாறைக்குள்ளிருந்து தண்ணீர் எப்படி ஊறி வருகிறது?

வேலூர்ப் பகுதியின் அடித்தளம் சார்னோகைட், நைஸ், கிரானைட் போன்ற மிகப் பழைய கடினப் பாறைகளால் ஆனது; இவற்றில் பெரும்பகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இந்தப் பாறையின் உடலுக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. தண்ணீர் இருப்பது இரண்டு இடங்களில்தான். ஒன்று, மேலே காற்றும் மழையும் பட்டு உதிர்ந்து பொடிந்து கிடக்கும் சிதைவுப் படலம். மற்றொன்று, அதற்குக் கீழே பாறையை ஊடறுத்துச் செல்லும் வெடிப்புகள். மலைச்சரிவில் பெய்யும் மழை சிதைவுப் படலத்தில் இறங்கி, கெட்டியான பாறை தடுக்கும் இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு மடியும் அடிவாரத்தில் கசிவாக வெளிப்படுகிறது. வெடிப்பு ஒன்று நிலமட்டத்தைத் தொடும் இடத்தில் ஊற்றுக்கண் திறக்கிறது. பாறைக் குழிகளில் ஊறித் தேங்குவதைச் சுனை என்கிறோம். ஜவ்வாது மலை, ஏலகிரி, பேரணாம்பட்டு மலைத்தொடர் ஆகியவற்றின் அடிவாரக் கானாறுகள் மழை ஓய்ந்து பல வாரங்கள் கழிந்த பிறகும் மெல்லியதாக ஓடிக்கொண்டிருப்பது இந்தச் சுரப்பினால்தான்.

நம் பகுதிக்கே உரிய ஓர் அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் கறுப்பு கிரானைட் என்ற பெயரில் வெட்டியெடுக்கப்படும் கல், பெரும்பாலும் டோலரைட் என்னும் பாறைச் சுவர். நிலத்துக்கடியில் நெட்டுக்குத்தாக, நீளவாக்கில் கிலோமீட்டர் கணக்கில் செல்லும் இந்தச் சுவர்களில் பல, தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் நிலத்தடி அணையாகச் செயல்படுகின்றன. தண்ணீர் வந்து சேரும் மேட்டுப் பக்கத்தில், சுவரை ஒட்டி நீர்மட்டம் உயர்ந்து நின்று ஊற்றாக வழியும். அந்தக் கல்லையே வெட்டியெடுக்கும்போது அணை உடைகிறது. ஆகவே டோலரைட் குவாரிக்கு மேற்புறம் அமைந்த ஊற்றுகளைத் தனிக் கவனத்துடன் அளக்க வேண்டும்.

குவாரி ஊற்றை எந்தெந்த வழிகளில் பாதிக்கும்?

குழியின் அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனவுடன், சுற்றிலும் உள்ள தண்ணீர் குழியை நோக்கி ஓடத் தொடங்கும். அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியேற்றும் வரை சுற்றுவட்டாரத்தின் நீர்மட்டம் குழியை நோக்கிச் சரிந்தே இருக்கும். அந்தச் சரிவுக்குள் அகப்படும் ஊற்று முதலில் கோடையில் மட்டும் வற்றும். பின்னர் முழுவதும் வற்றும். இது முதல் வழி.

இரண்டாவது, வெடி. வெடியின் அதிர்வு குழியை ஒட்டிய பாறையில் புதிய விரிசல்களை உண்டாக்குகிறது. பழைய விரிசல்களையும் அகலப்படுத்துகிறது. இதனால் ஊற்று வேறிடத்துக்கு மாறலாம், கலங்கலாம், சில சமயம் தற்காலிகமாக அதிகரிக்கவும் செய்யலாம். மூன்றாவது, மேல்மண்ணை அகற்றுவது. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல மெல்ல விடுவது அந்தச் சிதைவுப் படலம்தான்; அது போய்விட்டால், குவாரி எவ்வளவு ஆழமற்றதாக இருந்தாலும் ஊற்றுக்கு வரவு குறையும். கிராவல் மண் குவாரிகள் ஆழமற்றவை என்பதால் தீங்கற்றவை என்று எண்ணுவது இந்த இடத்தில்தான் பொய்த்துப் போகிறது.

ஊற்றில் தண்ணீர் முன்பைவிடக் கூடியிருக்கிறது. இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

இருக்கிறது. புதிய விரிசல்கள் வழியாகப் பாறையின் சேமிப்பு வேகமாகக் காலியாகும்போதும் ஊற்று சில மாதங்கள் பெருகும். அதே காலத்தில் மேலேயுள்ள கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். குவாரியிலிருந்து இறைத்து விடப்படும் தண்ணீர் கானாற்று மணலில் இறங்கி, கீழே மீண்டும் ஊறுவதாகவும் இருக்கலாம். மோட்டார் நின்ற சில நாட்களில் ஓட்டம் குறைந்தால் அதுவே காரணம்.

எவ்வளவு தூரம் வரையுள்ள ஊற்றுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும்?

கடினப் பாறையில் தூரத்தைவிடத் திசையே முக்கியம். குவாரிக் குழி அமைந்த அதே வெடிப்பின் மீதுள்ள ஊற்று ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் பாதிக்கப்படலாம். வேறு வெடிப்பின் மீதுள்ளது 200 மீட்டரில் இருந்தாலும் தப்பலாம். எனவே முதல் ஆய்வில் குவாரியைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் தொலைவு வரை முழுவதும் நடந்து பாருங்கள். கானாறு குவாரியிலிருந்து கீழிறங்கும் திசையில் இன்னும் சற்றுத் தொலைவு செல்லுங்கள். ஆடு மேய்ப்பவர்களையும், முன்பு கிணறு வெட்டியவர்களையும் உடன் அழைத்துச் செல்வது அவசியம். எந்தப் பாறை இடுக்கில் சித்திரையிலும் ஈரம் இருக்கும் என்பதை எந்த வரைபடத்தைவிடவும் அவர்கள் துல்லியமாக அறிவார்கள்.

ஒவ்வோர் ஊற்றுக்கும் ஓர் எண் கொடுத்து, கைப்பேசியில் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உள்ளூர்ப் பெயர், சர்வே எண், யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் அந்த ஊற்று இடம்பெற்றிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஏரியும் ஓடையும் பதிவேட்டில் இருக்கும். மலைச்சரிவுச் சுனைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. பதிவேட்டில் இல்லாத ஊற்று குவாரித் திட்ட அறிக்கையிலும் இடம்பெறாமல் போய்விடுகிறது. ஆகவே கிராம சபைத் தீர்மானம் ஒன்றின் மூலம் ஊற்றுகளின் பட்டியலை எழுத்தில் கொண்டுவருவது, அளவெடுப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை.

எப்போது தொடங்க வேண்டும்? எங்கள் ஊரில் குவாரி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

குவாரிக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று தெரிந்த அன்றே தொடங்குவது சிறந்தது. குறைந்தது ஓராண்டு, அதாவது ஒரு வடகிழக்குப் பருவமும் அதைத் தொடரும் ஒரு கோடையும் அடங்கிய பதிவு, குழி வெட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே நடக்கும் குவாரியாக இருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. குவாரி ஆண்டுதோறும் ஆழமாகிறது; இன்றைய நிலையே அடுத்த ஐந்து மீட்டர் ஆழத்துக்கு முந்தைய நிலை. கடந்த காலத்தைப் பொறுத்தவரை, ஊற்றை நம்பிப் பயிர் செய்தவர்களிடம் எந்த ஆண்டு வரை கோடை நெல் வைத்தார்கள், எந்த ஆண்டு குழாய்க்கிணறு போட்டார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காதபடி விசாரித்தால், சொல்லும் ஆண்டுகள் ஒத்துப்போவதற்கு மதிப்பு உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளம் போல எல்லோருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சியை அடையாளமாக வைத்து, அதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் ஆண்டு குழம்பாது.

ஓட்டத்தை எப்படி அளப்பது? கருவி வாங்க வேண்டுமா?

பெரும்பாலான அடிவார ஊற்றுகளுக்கு ஒரு வாளியும் கைப்பேசியிலுள்ள நிறுத்துக் கடிகாரமும் போதும். ஊற்றுநீர் முழுவதையும் களிமண் கரை கட்டி ஒரே குழாய் வழியாக விழச் செய்து, அளவு தெரிந்த வாளி நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதக் கூடாது. 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு 21,600 லிட்டர். பார்வைக்கு நூலிழை போலத் தெரியும் ஓட்டம் ஒரு சிற்றூரின் குடிநீருக்கே போதுமானதாக இருக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டும். "கொஞ்சமாகத்தானே கசிகிறது" என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால், இந்த எண்ணையே பதிலாக வைக்கலாம்.

வாளிக்கு அடங்காத ஓட்டத்துக்கு முக்கோண வெட்டுத் தகடு வேண்டும். ஓடையின் குறுக்கே, பக்கங்களிலும் அடியிலும் நீர் ஒழுகாதபடி ஓர் இரும்புத் தகட்டைப் பதித்து, அதன் மேல் விளிம்பில் 90 பாகைக் கோணத்தில் ஆங்கில 'வி' வடிவ வெட்டு ஒன்றை அமைக்க வேண்டும். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் அளந்தால் போதும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் 2.5 அடுக்கை (உயரம் × உயரம் × உயரத்தின் வர்க்கமூலம்) 1.38ஆல் பெருக்கினால், விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். 3 செ.மீ. உயரத்துக்கு விநாடிக்கு 0.2 லிட்டருக்குச் சற்று மேல், 5 செ.மீ.க்கு 0.77 லிட்டர், 10 செ.மீ.க்கு 4.4 லிட்டர். உயரம் இருமடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேலாகிறது என்பதால், அளவுகோலில் அரை செ.மீ. தவறினாலும் கணக்கு வெகுவாக மாறிவிடும். வெட்டின் மீதே அளவுகோலை வைக்கக் கூடாது. அங்கே நீர் வளைந்து தாழ்கிறது. நீரின் உயரத்தைப் போல நான்கு மடங்கு தொலைவுக்கு மேற்புறம், நீர் அமைதியாக நிற்கும் இடத்தில் கோலை நட்டு அளக்க வேண்டும்.

யாராவது ஊற்றிலிருந்து மோட்டார் வைத்து எடுக்கிறார்களா, மாடுகள் இறங்கிக் கலக்கியிருக்கின்றனவா, மேலே கரை உடைந்திருக்கிறதா என்பவற்றையும் அன்றைய குறிப்பில் சேர்ப்பது கட்டாயம். பின்னாளில் ஓர் எண் மட்டும் விசித்திரமாக நின்றால், அதற்குக் காரணம் இந்தக் குறிப்பில்தான் கிடைக்கும்.

ஓட்டமே இல்லாமல் வெறும் ஈரமாகக் கசியும் இடத்தை எப்படி அளப்பது?

பாலாற்று மணலில் ஊற்றுக்குழி தோண்டித் தண்ணீர் எடுத்த வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. கசிவிடத்தில் ஒரு முழ ஆழத்துக்குச் சிறு குழி எடுத்து, சுவர் சரியாமல் சிமெண்ட் உறையோ, அடி நீக்கிய பிளாஸ்டிக் டிரம்மோ இறக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் நீரை முழுவதும் இறைத்துவிட்டு, குறிப்பிட்ட கோடு வரை மீண்டும் ஊற எத்தனை நிமிடமாகிறது என்று எழுதுங்கள். அதோடு ஈரத் திட்டின் நீள அகலத்தை நாடாவால் அளந்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், அளவுகோல் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். கோரையும் சம்பும் எந்த எல்லை வரை பச்சையாக நிற்கின்றன என்பதும் பதிவுக்கு உரியதே. நிலத்தடி ஈரம் விலகும்போது முதலில் பழுப்பது அவைதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும்?

மாதம் இருமுறை போதும். தினமும் அளப்பதாகத் தொடங்கி இரண்டு மாதத்தில் நிறுத்துவதைவிட, அமாவாசை, பௌர்ணமி என நினைவில் நிற்கும் நாட்களில் ஆண்டுக்கணக்காக அளப்பது பன்மடங்கு பயனுள்ளது. ஆனால் பங்குனி முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறையாக்குங்கள். மழைமானி ஒன்றை ஊரிலேயே, பள்ளி வளாகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ வைத்து நாள்தோறும் காலை எட்டரை மணிக்குப் படிக்க வேண்டும். அடிவாரத்தில் ஓர் ஊரில் 40 மி.மீ. பெய்யும் நாளில் பக்கத்து ஊரில் தூறலும் இருக்காது. நகரத்து மழை அளவை வைத்து மலையோர ஊற்றைப் பற்றி வாதாட முடியாது.

மழை குறைந்ததால்தான் ஊற்று வற்றியது என்று குவாரித் தரப்பு சொன்னால் எப்படி மறுப்பது?

மறுப்பதற்கு முன் அது உண்மையா என்று நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கும்.

முதல் சோதனை, ஒப்பீட்டு ஊற்று. குவாரியின் தாக்கத்துக்கு அப்பால், அதே வகைப் பாறையில், அதே மழை பெறும் வேறொரு குன்றின் ஊற்றையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து அளந்து வாருங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தால் மழையே காரணம். ஒப்பீட்டு ஊற்று நிலையாக இருக்க, குவாரியருகே உள்ளது மட்டும் குறைந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

இரண்டாவது சோதனைக்கு வறண்ட மாதங்களின் பதிவு தேவை. மழை நின்ற பிறகு ஊற்றின் ஓட்டம் நாளுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரே அளவாகக் குறைவதில்லை. இருப்பதில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் குறைகிறது. எடுத்துக்காட்டாக, ஜனவரி தொடக்கத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டராக இருந்த ஓட்டம் 10 ஆக 50 நாட்கள் பிடித்தால், 10 லிட்டர் 5 ஆகவும் ஏறத்தாழ 50 நாட்கள் பிடிக்கும். இந்தப் பாதியாகும் காலம் அந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, பாறை எவ்வளவு விரைவாக நீரை விடுகிறது என்பதையே பெரிதும் சார்ந்தது. மழை குறைந்த ஆண்டில் ஓட்டம் 20க்குப் பதிலாக 12 லிட்டரில் தொடங்கலாம். ஆயினும் பாதியாக அதே 50 நாட்களை ஒட்டியே ஆகும். மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் அது 30 நாளாகச் சுருங்கிவிட்டது என்றால், தண்ணீருக்கு வேறொரு வழி திறந்துவிட்டது என்று பொருள். மழையைக் காரணம் காட்டும் வாதத்தை இந்த ஒரு கணக்கு நேரடியாக எதிர்கொள்கிறது. இதற்காகவே கோடை அளவீட்டை வற்புறுத்துகிறேன்.

அந்த வேறு வழி குவாரிதானா என்பது அடுத்த கேள்வி. வேலூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை வரவுக்கு மேல் எடுக்கும் குறுவட்டங்கள் பல. ஊற்றுக்கு மேற்புறம் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை குழாய்க்கிணறுகள் இறங்கின, எவ்வளவு ஆழம் என்ற பட்டியலை ஊராரே தயாரிக்க வேண்டும். அதில் நம்முடைய கிணறும் இருக்கும், அதை மறைக்கக் கூடாது. மறைத்தது வெளிப்பட்டால் மீதமுள்ள அத்தனை எண்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எதிர்த்திசையிலும் ஒரு காரணி உண்டு: வேலூர்ப் பகுதியின் நாகநதி ஆற்றுப் படுகையில் செய்ததைப் போல, செறிவூட்டும் கிணறுகளும் தடுப்பணைகளும் கட்டிய இடங்களில் நீர்மட்டம் உயர்ந்து, குவாரியால் வந்த இழப்பை மறைத்துவிடலாம். அவை கட்டப்பட்ட தேதிகளையும் எழுதி வையுங்கள்.

குவாரிக் குழியிலிருந்து இறைக்கப்படும் தண்ணீர் எல்லாம் நிலத்தடி நீரா?

இல்லை. இரண்டு ஹெக்டேர் பரப்புள்ள குழியில் ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால், குழிக்குள் விழுவது மட்டுமே பத்து லட்சம் லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் இறைக்கப்படும் தண்ணீரைக் காட்டி "எங்கள் ஊற்றுநீர் போகிறது" என்று முறையிட்டால் அந்த முறையீடு நிற்காது. மாசிக்குப் பிறகு, பல வாரங்களாக மழையே இல்லாத நாட்களிலும் மோட்டார் ஓடுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அப்போது இறைக்கப்படுவது பாறையிலிருந்து ஊறுவதே. குவாரி நடத்துபவர் வெளியேற்றுக் குழாயில் நீர்மானி பொருத்தித் தேதிவாரியாக எழுதி வைத்தால், அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வறண்ட காலத்தில் குழியில் ஊறும் அளவும் ஊற்றில் குறைந்த அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால், தொடர்பை மறுப்பது கடினம்.

குவாரியின் வெட்டுமுகத்தில் தெரியும் கசிவை யார் கவனிக்க வேண்டும்?

அது குவாரி நிர்வாகத்தின் கடமை. எந்தப் படியில், எந்த ஆழத்தில், எந்த வெடிப்பின் வழியாக நீர் கசிகிறது என்று மாதந்தோறும் படத்துடன் குறிக்க வேண்டும். புதிய கசிவு தோன்றினாலோ, தெளிந்த கசிவு கலங்கி மண்ணுடன் வந்தாலோ அந்த முகத்தின் கீழ் ஆட்களை வேலைக்கு விடக் கூடாது. வெடிப்பில் தேங்கும் நீரின் அழுத்தம் பாறைப் பாளத்தையே தள்ளிவிடும். ஊரார் எக்காரணம் கொண்டும் குழிக்குள் இறங்கி அளக்க வேண்டாம். வெடி வைக்கும் நேரத்தில் அடிவார ஊற்றுகளுக்கும் போகக் கூடாது.

தண்ணீரின் தரத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஊற்றருகிலேயே வெப்பநிலை, பி.எச். (அமில-காரத் தன்மை), மின்கடத்துதிறன் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். மின்கடத்துதிறனைக் காட்டும் கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 1413 மைக்ரோசீமென்ஸ் மின்கடத்துதிறன் கொண்ட தரக் கரைசலில் கருவியை அடிக்கடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அது காட்டும் எண்ணை 0.65ஆல் பெருக்கினால் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது தோராயமாகக் கிடைக்கும். ஆண்டு முழுவதும் வெப்பநிலையும் உப்பும் மாறாத ஊற்று ஆழத்திலிருந்து வருகிறது. மழை பெய்த இரண்டு நாளில் உப்பு சட்டென்று குறையும் ஊற்று மேலோட்டமானது. முன்பு மாறாமல் இருந்த ஊற்று, குவாரி வந்த பிறகு மழைக்கு உடனுக்குடன் மாறத் தொடங்கினால், விரிசல்கள் திறந்திருக்கின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ஆய்வகத்தில் பார்க்க வேண்டியவற்றுள் நைட்ரேட் முதன்மையானது. குவாரி வெடிமருந்தில் பெரும்பகுதி அம்மோனியம் நைட்ரேட். டீசல் கலந்து பயன்படுத்தும் வகையில் அது 94 விழுக்காடு வரை இருக்கும். வெடிக்காமல் எஞ்சியது முதல் மழையில் கரைந்து இறங்குகிறது. ஆனால் உரமிட்ட வயலும் கழிவறைக் குழியும் அதே நைட்ரேட்டைத் தருகின்றன. ஆகவே ஊற்றில் மட்டும் பார்க்காமல், குழியில் தேங்கிய நீரிலும் ஒப்பீட்டு ஊற்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்து, அம்மோனியாவையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500இன்படி நைட்ரேட்டின் உச்ச அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கரைந்த உப்புகள் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதி.

நம் பகுதியில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஃபுளோரைடு கடினப் பாறையிலிருந்து இயற்கையாகவே கரைவது, 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது, ஆனால் அதைக் குவாரியின் கணக்கில் எழுதவும் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் தொழிலின் உப்பு நிலத்தடி நீரில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. அங்கெல்லாம் தொடக்க நிலை அளவு இல்லாமல் உப்பைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.

மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியவை யாவை?

சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே அல்லது மறுநாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தனிப் புட்டியையே பயன்படுத்துங்கள். அதை அலசக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் கட்டணம் பெற்றுக்கொண்டு சோதித்துத் தருகிறது.

நாங்கள் அளந்த எண்கள் சட்டத்தின் முன் செல்லுமா?

நேரடித் தண்டனைக்கு உரிய சான்றாக அவை போதா. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மாசு கட்டுப்பாட்டு வாரியம் உரிய முறையில் அறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரியின் முடிவையே வழக்கில் ஏற்கச் சொல்கிறது. ஆனால் வாரிய அதிகாரியை ஊற்றுக்கு வரவழைப்பதும், எந்த இடத்தில் எந்த மாதத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டுவதும் உங்கள் பதிவேடுதான்.

தேதிக்கும் பெரும் மதிப்பு உண்டு. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், சுற்றுச்சூழல் தொடர்பான தகராறை அதன் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். இழப்பீடு கோருவதற்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஊற்று எந்த மாதத்தில் முதன்முதலாக மாறியது என்று உங்கள் ஏட்டில் இருந்தால் இந்தக் கெடுவைத் தவறவிட மாட்டீர்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது.

நம் மாவட்டத்தின் தோல் கழிவுநீர் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மீதே வைத்தது. பாலாற்றங்கரை மக்களின் துன்பத்திலிருந்து பிறந்த தீர்ப்பு இது. ஊற்றுகளுக்காக முறையிடுபவர்கள் இதைத் தயங்காமல் மேற்கோள் காட்டலாம்.

குவாரியிடமிருந்து எந்த ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம்?

சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி ஆணை, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அரையாண்டு இணக்க அறிக்கை ஆகிய நான்கும் வேண்டும். 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்ட விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் தாக்கல் செய்ய வேண்டும்; அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்திலும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலும் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அனுமதி ஆணையில் குழியின் உச்ச ஆழம் எவ்வளவு, நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருப்பதாகக் காட்டப்பட்டது என்ற இரண்டு எண்களை முதலில் தேடுங்கள். கோடையில் பக்கத்துக் கிணறுகளில் நீங்கள் அளந்த நீர்மட்டம் அறிக்கையில் உள்ளதைவிட மேலே இருந்தால், குவாரி தனக்கு அனுமதிக்கப்பட்ட ஆழத்துக்குள் இருக்கும்போதே நீர்மட்டத்தைத் தொட்டுவிடலாம். வேலூரில் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் இந்த முரண்பாட்டை எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

குவாரி மூடப்பட்ட பிறகும் அளக்க வேண்டுமா?

வேண்டும். இறைப்பது நின்றவுடன் குழி நிரம்பத் தொடங்கும். அது நிலைபெறும் மட்டம் பழைய ஊற்றுக்கண்ணைவிட உயர்ந்திருந்தால் ஊற்று திரும்பலாம், தாழ்ந்திருந்தால் திரும்பாது. திறந்து கிடக்கும் குழிநீரிலிருந்து நம் வெயிலில் ஆண்டுக்கு ஆவியாவது, ஆண்டு மழையைவிட அதிகம். அந்த இழப்பைச் சுற்றியுள்ள பாறையே ஈடு செய்துகொண்டிருக்கும். எனவே குழியின் ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் நீர்மட்டக் கோல் ஒன்றை நட்டு, வேலி அமைத்து, மட்டம் நிலைபெற்ற பின்னும் குறைந்தது இரண்டு கோடைகளுக்கு ஊற்றுகளோடு சேர்த்து அளந்து வர வேண்டும். மூடுதிட்டத்தில் இந்தச் செலவைச் சேர்க்கும்படி, குத்தகை முடிவதற்கு முன்பே கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். குத்தகை முடிந்த பிறகு அந்தச் செலவுக்குப் பொறுப்பேற்க ஆள் கிடைப்பது அரிது.